கந்தளாய்க் குளக்கட்டிலிருந்து தம்பலகாமக் குடா வரை: திருகோணமலையின் ஓர் அமைதியான பள்ளத்தாக்கைப் பார்ப்பது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய ஒருவர், அங்குள்ள அமைதியான கிராமப் பள்ளத்தாக்குகளிலும் அவற்றைச் சூழ்ந்த மூர் எனப்படும் திறந்த மேட்டுவெளிகளிலும் நடந்து பழகியவர். திருகோணமலைக்கு வந்து கோணேசர் கோயிலையும் நிலாவெளிக் கடற்கரையையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்துவிட்டார். கூட்டமில்லாத, நிதானமாக நடந்து பார்க்கக்கூடிய அப்படியொரு பள்ளத்தாக்கு இந்த மாவட்டத்தில் உண்டா, உண்டென்றால் எங்கே தொடங்கி எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறார்.

உண்டு. கந்தளாய்க் குளத்தின் கட்டடியில் தொடங்கி வடகிழக்கே தம்பலகாமக் குடா வரை இறங்கிச் செல்லும் தாழ்நிலத்தையே நான் சொல்லுவேன். நடுவே வயல், வயலுக்கு அப்பால் தரவை எனப்படும் திறந்த மேய்ச்சல் புல்வெளி, தரவைக்கு அப்பால் பற்றைக்காடும் தாழ்ந்த பாறைக் குன்றுகளும் என்று அது விரிந்து கிடக்கிறது. கண்டி வீதியால் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் இதன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார்கள். இறங்கிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். புறப்படுவதற்கு முன் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இந்த வெளி ஆளில்லாத வெளியாகத் தோன்றும். ஆனால் இங்குள்ள ஒவ்வொரு வரம்புக்கும் வாய்க்காலுக்கும் மேய்ச்சல் தரைக்கும் உரியவர் ஒருவர் இருக்கிறார். எந்த மாதத்தில் யார் அதில் இறங்கலாம் என்ற ஒழுங்கும் இருக்கிறது. அந்த ஒழுங்கை அறிந்து போகிறவருக்கே இந்தப் பள்ளத்தாக்கு எதையாவது காட்டும்.

மேல்நாட்டு மூர் நிலத்தை இங்கே அப்படியே எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றந்தான். அந்நிலம் குளிரும் ஓயாத ஈரமும் புளித்த மண்ணும் சேர்ந்து உருவாக்கியது. இறந்த தாவரங்கள் முழுவதும் உக்காமல் கரியநிறக் கரிமண்ணாகப் படிந்து, அதன்மேல் குட்டைச் செடிகள் மட்டுமே வளர்கின்றன. செம்மறிகளின் மேய்ச்சலும், வேட்டைப் பறவைகளுக்காகக் காலந்தோறும் செடிகளை எரிப்பதும் மரங்கள் தலையெடுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. இலங்கையில் அந்தத் தோற்றத்துக்குச் சற்று நெருங்கி வருவது, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேலேயுள்ள ஹோர்ட்டன் சமவெளி ஒன்றுதான். நம்முடைய பகுதி உலர்வலயம். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றோடு வரும் மழைதான் ஆண்டின் பெரும்பகுதி நீரைத் தருகிறது. வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று அடித்து மண்ணிலுள்ள ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். மாரியில் தேங்கும் வெள்ளம், கோடையில் இறங்கும் மாடுகள், குடாவை அண்டிய பக்கத்தில் மண்ணிலேறும் உவர் ஆகிய இவை மூன்றுமே தரவையில் காடு ஏறிவிடாமல் தடுத்து வைத்திருக்கின்றன. ஆக, அங்கே குளிரும் செம்மறியும் செய்யும் வேலையை இங்கே வெள்ளமும் எருமையும் செய்கின்றன. கண்ணுக்குக் கிடைக்கும் விரிவு ஏறத்தாழ ஒன்றுதான்.

பார்வையை எங்கே தொடங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பலர் தம்பலகாமம் சந்தியில் இறங்கி உள்ளே நடக்கத் தொடங்குகிறார்கள். அப்படிப் போனால் எங்கும் ஒரே வயலாகத் தெரியும்; நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது விளங்காது. கந்தளாய்க் குளக்கட்டில் தொடங்கி நீர் போகும் திசையிலேயே இறங்க வேண்டும். சுமார் 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் கொண்ட அந்தக் கட்டில் நின்றால் ஒரு பக்கம் நீர்ப்பரப்பும் அலைகரையும், மறுபக்கம் கீழே விரியும் வயல்வெளியும் ஒருங்கே தெரியும். குளத்துக்குச் சொந்த நீரேந்து பரப்பு மட்டும் போதுவதில்லை. அம்பன் கங்கையின் நீர் எலகரவில் மறிக்கப்பட்டு மின்னேரியா, கவுடுல்லைக் குளங்களின் வழியாக யோத எல என்னும் பெருவாய்க்காலில் இங்கே வந்து சேர்கிறது. 1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்ட பின்னர், மலைநாட்டு மழையின் ஒரு பங்கும் அந்த வழியிலேயே சேர்ந்துகொண்டது. தம்பலகாமத்து வயலில் கால் நனைக்கிறவர் கண்டி மலையின் நீரிலும் நனைக்கிறார் என்று சொன்னால் அது கவிதைக்காகச் சொன்னதாகாது.

குளத்தைக் கட்டியவர் யார் என்பதில் இரண்டு மரபுகள் உள்ளன. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் 7ஆம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனைச் சொல்வார்கள். கோணேசர் கல்வெட்டு என்னும் பழைய நூல் முதலான நம் பிரதேச மரபு, கோணேசர் கோயில் திருப்பணிக்கு வேண்டிய நெல்லை விளைவிக்கவே குளக்கோட்டன் என்னும் மன்னன் இதைக் கட்டுவித்தான் என்று சொல்லும். ஊரிலே யாரிடம் கேட்கிறீர்களோ அதைப் பொறுத்து விடை மாறும். இரண்டையும் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது, விவாதத்தில் இறங்குவது தேவையற்றது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டில் கந்தளாய் இராசராசச் சதுர்வேதிமங்கலம், அதாவது மன்னன் பெயரிலமைந்த பிராமணர் குடியிருப்பு, எனப்படுகிறது. முதலாம் விசயபாகு காலத்தில் அது விசயராசச் சதுர்வேதிமங்கலமானது. அக்காலத்துப் பாலமோட்டைக் கல்வெட்டு, நங்கைசானி என்னும் பிராமணப் பெண் ஒருவர் இங்கிருந்த விசயராச ஈசுவரத்துக்கு வழங்கிய கொடையைப் பதிவு செய்கிறது. சோழ ஆட்சி முடிந்து சிங்கள மன்னர் ஆட்சி வந்த பின்னும் ஊரின் பெயரில் மன்னன் பெயர் மட்டும் மாறி, சதுர்வேதிமங்கலமும் சிவன் கோயிலும் தமிழ்க் கல்வெட்டும் தொடர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

கட்டின் மேல் நடக்கும்போது 1986 ஏப்ரல் 20ஆம் திகதியையும் நினைவில் கொள்ள வேண்டும். அன்று அதிகாலை இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கீழேயிருந்த வீடுகளும் வயல்களும் அள்ளுண்டு போயின. சித்திரைப் புதுவருடம் கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. இன்றும் வயதானவர்கள் பலர் ஒரு சம்பவத்தின் காலத்தைக் குறிக்கக் கட்டு உடைந்ததற்கு முன், பின் என்றுதான் பேசுகிறார்கள்.

கட்டிலிருந்து இறங்கி, நீரைத் திறந்துவிடும் மதகான துருசின் அடியில் சற்று நின்று பாருங்கள். திறந்துவிட்ட நீர் பெருவாய்க்காலில் பாய்ந்து, கிளைவாய்க்கால்களாகப் பிரிந்து, கடைசியில் ஒருவருடைய வயலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு முழம் அகலமான வெட்டாகச் சுருங்கிவிடும். அதை வக்கடை என்பார்கள். வரம்பில் மண்வெட்டியால் ஒரு வெட்டு, மூடுவதற்குப் பிசைந்த களியில் ஒரு கட்டி: அவ்வளவுதான் அதன் அமைப்பு. கமக்காரர் ஒருவர் அதை மூடுவதைப் பாருங்கள். களியை வைத்து, குதிக்காலால் இரண்டு தரம் மிதித்து, கசிவு நின்றதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். புதிதாக மூடிய வக்கடையில் நடைக்காரர் ஒருவர் சப்பாத்துக் காலை வைத்தால் களி இளகி, இரவோடிரவாக ஒருவருடைய நீர் மற்றொருவருடைய வயலுக்குப் போய்விடும். நடைபாதை என்று பெயரிட்ட பாதை இங்கே எதுவும் கிடையாது. வரம்புதான் பாதை, வரம்போ பயிரின் ஒரு பகுதி. ஆகவே வயலில் நிற்பவரைக் கண்டால் தூரத்திலிருந்தே குரல் கொடுத்து, "ஐயா, இந்த வரம்பால போகலாமோ?" என்று கேளுங்கள். முஸ்லிம் ஊர்ப் பக்கமானால் நானா என்று அழையுங்கள். எந்த வரம்பு உறுதியானது, எது நேற்றுக் கட்டியது, எந்தப் பக்கம் நாய் நிற்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு விடையாக வந்துவிடும். பல இடங்களில் தேநீரும் சேர்ந்தே வரும்.

எப்போது போவது என்பதை நெற்செய்கைப் பருவங்களான போகங்களே தீர்மானிக்கின்றன. பெரும்போகம் மழையோடு தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடையாகும். சிறுபோகத்துக்குக் குளத்து நீர்தான் ஆதாரம். எத்தனை ஏக்கருக்கு, எந்தத் திகதியிலிருந்து நீர் திறப்பது என்பதை நீர்ப்பாசன அதிகாரிகளும் விவசாய அமைப்புகளும் கூடிப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். அதே கூட்டத்தில்தான் மாடுகளை வயற்காணிகளிலிருந்து வெளியேற்ற வேண்டிய திகதியும் அறிவிக்கப்படும். வெளியிலிருந்து வருகிறவருக்கு இது அலுவலகச் செய்தியாகத் தோன்றலாம். உண்மையில் இந்தப் பள்ளத்தாக்கின் தோற்றத்தையே அது மாற்றுகிறது. விதைத்த பின் மாடுகள் எல்லாம் தரவைக்கும் காட்டோரத்துக்கும் போய்விட, நடுநிலம் மனிதருக்கும் கொக்குகளுக்கும் மட்டும் உரியதாகும். அறுவடை முடிந்ததும் பட்டிகள் அடிக்கட்டைக்குள் இறங்கும். அப்போது நீங்கள் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம், யாருடைய பயிருக்கும் கேடில்லை. என்னைக் கேட்டால், பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகத்துக்கு நீர் திறப்பதற்கு முன் வரும் பங்குனி நாட்களே நடைக்கு மிகச் சிறந்தவை. பச்சை வேண்டும் என்பவர் தை மாதத்தில் வரலாம். ஆனால் வாய்க்கால் ஓரத்து மண்பாதைகளில் முழங்கால் வரை சேறு இருக்கும்.

தரவையைத் தனியாகப் பார்க்க வேண்டும். காலையில் பட்டியிலிருந்து மாடுகள் வெளியேறும் நேரம் மிக நல்லது. கம்பும் முள்ளும் அடைத்த பட்டியின் படலையைத் திறந்ததும் எருமைகள் முட்டிமோதிக்கொண்டு ஓடிவிடுவதில்லை. முதிய பெண் எருமை ஒன்று முன்னே போக, மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக, முந்தைய நாள் போன அதே தடத்தில் போகும். அந்தத் தடங்கள் புல்லில் பள்ளமாகப் பதிந்திருக்கும். தரவையில் வழி தெரியாமல் போனால் அவற்றில் ஒன்றைப் பிடித்தால் ஒரு நீர்நிலைக்கோ ஒரு பட்டிக்கோ கொண்டுபோய் விடும். ஆள்காட்டிக் குருவி நம்மைக் கண்டதும் கத்திக்கொண்டு எழும். அதன் முட்டை வெறும் தரையில் கிடக்கும் ஆகையால் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். ஓரங்களில் காரை, சூரை, கிளா, விளா, ஈச்சை என்று முட்பற்றைகள். உள்ளே காட்டில் பாலை, வீரை, முதிரை. பாலை பழுக்கும் காலத்தில் கரடியும் வரும் என்பதால் பழத்துக்காகப் பற்றைக்குள் நுழைவதை நான் ஊக்குவிப்பதில்லை. இந்தப் பட்டிகளின் பாலிலிருந்து வரும் எருமைத் தயிரைத்தான் வீதியோரக் கடைகளில் மண்சட்டியில் விற்கிறார்கள். அதை வாங்காமல் திரும்புவது தவறு என்று சொன்னால் பக்கச்சார்பு என்பீர்கள், இருக்கட்டும்.

தரவைகள் பட்டிக்காரர்களுக்குக் குறைந்துகொண்டே வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். புதிய வயல்கள் ஒரு பக்கம், வனப்பகுதி என்று எல்லைக்கல் நட்ட நிலங்கள் மறுபக்கம். மாடு எங்கே மேய்வது என்ற வாக்குவாதம் ஒவ்வொரு போகமும் எழுகிறது. அத்தகைய வாக்குவாதம் நடக்கும் இடத்தில் படம் எடுத்துக்கொண்டு நின்றால் இரு தரப்பும் உங்களைச் சந்தேகிக்கும்.

ஊருக்குள் வந்தால் பார்க்க வேண்டியது ஆதிகோணநாயகர் கோயில். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியபோது, அடியார்கள் எடுத்து மறைத்த திருவுருவங்கள் பின்னர் தம்பலகாமத்தில் நிலைகொண்டன என்பது மரபு. கடலோரத்தில் இழந்ததை உள்நாட்டில் காத்து வைத்ததற்கு இந்த வயல்களே காரணம். கோயிலுக்கு நெல்லும் தொழும்பாளர்களும் இங்கேயே இருந்தார்கள். கந்தளாய்க் குளக்கட்டில் வேள்வி நடத்தும் மரபும் இந்தக் கோயிலோடு பிணைந்ததே. மேலே குளத்துக்கு வழிபாடு, கீழே கோயிலுக்கு நெல் என்று பள்ளத்தாக்கின் இரு முனைகளும் இப்படித் தொடுக்கப்பட்டிருந்தன. நடையை நீரின் வழியே வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோயிலுக்கு அப்பால் குடாவை நெருங்க நெருங்க நிலம் மாறுவதைப் பாதங்களே உணரும். களிமண் வெளிறி, காய்ந்த இடங்களில் வெண்பூச்சாக உப்புப் படியும். பயிர் கட்டையாகி, ஓரிடத்தில் நின்றேவிடும். அதன்பின் சிவந்த தண்டுள்ள உமரி, பிறகு தில்லை, பிறகு கண்டல். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு என்பதால் கிளையை ஒடிக்கக் கூடாது. நண்டு வளைகள் நிறைந்த அந்தச் சேற்றில் அதற்குமேல் நடக்க இயலாது, நடக்கவும் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் குடா முத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. மன்னாரின் முத்துச்சிப்பி வேறு. இங்கே கிடைத்தது தட்டையான, ஒளி ஊடுருவும் ஓடுள்ள சிப்பி. பிற நாடுகளில் அதன் ஓட்டைச் சன்னலுக்குக் கண்ணாடியாகப் பொருத்தியதும் உண்டு. குடாவின் வாயில் 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் இருக்கிறது. அதற்கு முன் மக்களும் வாகனங்களும் பாதை எனப்படும் மிதவையில்தான் கடந்தார்கள்.

ஆபத்துகளைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். முதலாவது யானை. கந்தளாயைச் சூழ்ந்த காடுகளில் யானைகள் நடமாடுகின்றன. கதிர் முற்றும் காலத்தில் இரவில் வயலுக்கு வரும். பரணில் காவலிருப்பவர்கள் யானைவெடி போட்டு விரட்டுவார்கள். விரட்டப்பட்ட யானை காலையில் காட்டோரப் பற்றையில் நிற்கக்கூடும், அதுவும் தனியனாக இருந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் வரும். சூரியன் நன்றாக எழுந்த பின் தொடங்கி, மாலை நான்கு மணிக்குள் வீதிக்கு வந்துவிடுங்கள். யானை இலத்தி சூடாக இருந்தால் திரும்பிவிடுங்கள். இரண்டாவது ஆபத்தை மனிதரே வைக்கிறார்கள்: காட்டுப்பன்றிக்காகக் கட்டிய, கம்பியில் கால் தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கும், வீட்டு மின்சாரத்தைக் களவாகப் பாய்ச்சிய கம்பியும். இரண்டும் சட்டவிரோதம், இரண்டினாலும் ஆட்கள் இறக்கிறார்கள். ஆகையால் காட்டோரத்தில் தனியாகத் தடம் பிரிந்து போகாமல், ஊரவர் ஒருவரைக் கூலி பேசி அழைத்துச் செல்லுங்கள். அறுவடைக் காலத்தில் வைக்கோலுக்குள் புடையன் பாம்பு கிடக்கும். கணுக்காலை மூடும் சப்பாத்து அவசியம். கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். காலில் புண்ணோடு வயற்சேற்றில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. குளத்திலும் ஆற்றிலும் முதலை உண்டு, ஆகவே குளிக்கும் துறையைத் தவிர வேறிடத்தில் இறங்க வேண்டாம். முசுறு என்னும் மரத்துச் செவ்வெறும்பு கடித்தால் அலறல் மட்டுந்தான்.

போக்குவரத்து எளிது. திருகோணமலையிலிருந்து கந்தளாய், தம்புள்ளை, கண்டி பஸ் எதில் ஏறினாலும் சரி. வீதியோர ஊர்களை இன்னும் கட்டைக் கணக்கில், அதாவது மைல்கல் எண்ணில்தான் சொல்வார்கள். 95ஆம் கட்டை, 98ஆம் கட்டை என்று நடத்துநரிடம் சொன்னால் விளங்கும். கல்ஓயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்கு 1927இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதை கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனன்குடா வழியாகப் போகிறது. நேரம் பொருந்தினால் காலையில் கந்தளாய் வரை பஸ்ஸிலும் திரும்புகையில் தம்பலகாமத்திலிருந்து புகையிரதத்திலும் வரலாம். முழுத் தூரத்தையும் ஒரே நாளில் நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. குளக்கட்டும் துருசும் ஒரு நாள், வயலும் கோயிலும் குடாவும் மற்றொரு நாள் என்று பிரித்தால் கடும் வெயிலுக்கு முன் முடிக்கலாம். சைக்கிள் கிடைத்தால் வாய்க்கால் ஓரப் பாதைகளுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் வாய்க்கால்களும் சிறு குளங்களும் தெளிவாக இருக்கின்றன. தொலைபேசி வரைபடம் வரம்பையும் வீதியாகக் காட்டும். சீனன்குடாவில் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தப் பக்கத்தில் படக்கருவியையும் ட்ரோனையும் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

இதைப் பார்த்து முடித்தவருக்கு அடுத்ததாக மகாவலியின் கழிமுகத்தைச் சொல்லலாம். மூதூரிலிருந்து வெருகல் வரை ஆறு கிளை பிரிந்து கடலை அடையும் அந்த நிலத்தில் வில்லு எனப்படும் வெள்ளம் தேங்கும் நீர்நிலைகளும் மருதமரக் கரைகளும் இதைவிட விரிந்தவை, ஆள் நடமாட்டம் இன்னும் குறைவு. ஆனால் மாரி வெள்ளத்தில் அங்கே வீதிகளே மூழ்கிவிடுவதுண்டு. ஆகவே மாசி கழிந்த பின், மூதூரிலோ வெருகலிலோ ஊரவர் ஒருவரிடம் நீர் வற்றிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு போகலாம்.